மறுதாம்புக்காரி

கரும்பு போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரும்பை ஒரு தடவை நட்டால் ஒரு தடவைதான் வெட்டலாம் என்பதில்லை. வெட்டிய பிறகும் அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். காய்ந்த இலையான சோகையைக் கொளுத்திவிட்டு, கட்டையைச் சீவித் தண்ணீர் பாய்ச்சினால் மறுபடியும் துளிர்த்து வரும். அந்த இரண்டாவது பயிருக்கு எங்கள் பக்கம் மறுதாம்பு என்று பேர். நட்ட கரும்பு அளவுக்கு எடை நிற்காது என்பார்கள் ஆலைக்காரர்கள். நடுவதற்குக் கரணைத் துண்டு வாங்குகிற செலவு மிச்சம் என்பார்கள் குடியானவர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

செல்லக்கண்ணு அக்காவுக்கு எங்கள் ஊர் வைத்த பேர் மறுதாம்புக்காரி. வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அந்த வாய் அழுகிப் போகட்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை, மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிட்டது.

என் பேர் புவனேஸ்வரி. சிறுவாச்சூருக்கு மேற்கே உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை எனக்கு. சிங்காரவேலு மாமா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் படல்தான். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்முவோம். அதனால் அந்த வீட்டுக் கதை எனக்குத் தெரியும் என்பதைவிட, தெரியாமல் இருக்க எனக்கு வழியில்லை என்பதுதான் பொருத்தம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், அதாவது எண்பதுகளில், சிங்காரவேலு என்றால் ஊரில் ஒரு ஆள். சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸ் ஜீப் வந்தால் முதலில் அவர் வயலில்தான் நிற்கும். அவருடைய சம்சாரம் ராசாத்தி அக்கா ஜீப்பில் வந்தவர்களுக்கெல்லாம் கோழி அடித்துக் குழம்பு வைத்துப் போடுவாள். பொங்கலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் கட்டுகிற கரும்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் வீட்டில் கட்டியதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். எல்லாம் தொண்ணூற்று மூன்று வரைக்கும்தான். ராசாத்தி அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, பிறகு டவுன் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. ஒரு மாதத்தில் போய்விட்டாள்.

மாமா குடிக்க ஆரம்பித்தார். வயல் பாதி புல்லும் பாதி கரும்புமாகக் கிடந்தது. ஒரே பையன் அருள்முருகன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பெரம்பலூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போய், அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டான். மாமாவுடைய அக்காள் அம்சவள்ளி, அவளும் தாலியறுத்தவள், இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தினமும் வந்து ஒரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டு ஒரு படி புலம்பிவிட்டுப் போவாள்.

செல்லக்கண்ணு அக்கா வந்தது தொண்ணூற்றேழு மாசியில், கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு. அவளுக்கு விக்கிரமங்கலம் பக்கம். சின்ன வயதிலேயே புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள், பிள்ளை இல்லை. தம்பி அழகேசன் வீட்டில் ஒண்டிக்கொண்டு, சீசனுக்குச் சீசன் ஊர் ஊராக வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும்.

வெட்டுகிற இடத்துக்கு நான் தலைச்சோகை எடுக்கப் போயிருந்தேன், எங்கள் மாட்டுக்கு. கூட்டத்து ஆண்கள் குனிய மனமில்லாமல் முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டே போனார்கள். இவள் சத்தம் போட்டாள்.

"ஏப்பா, மண்ணோட சேத்து வெட்டுங்கப்பா. இப்புடி மேல வெட்டுனா மறுதாம்பு எங்கேருந்து வரும்?"

வரப்பில் உட்கார்ந்திருந்த மாமா காலையிலேயே போட்டிருந்தார். "வெட்டுறபடி வெட்டுங்க. மறுதாம்பெல்லாம் வுடப் போறதில்ல. அழிச்சிட்டுச் சோளத்தத் தூவிட்டு நான் பாட்டுக்குக் கெடக்கப் போறேன்."

அவள் அரிவாளோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "வேரு நல்லாருக்குங்க. நல்லாருக்குற வேர ஏங்க கொல்லுறீங்க?"

"பாக்குறதுக்கு ஆளு வேணாமா?"

"கூலி குடுத்தா ஆளா கெடைக்காது?"

கூட்டம் அடுத்த ஊருக்கு லாரி ஏறியபோது அவள் ஏறவில்லை. கட்டை சீவ, பட்டுப்போன இடத்தில் நாற்றுப் போட, களை எடுக்க என்று கூலிக்கு நின்றுகொண்டாள். மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்வாள். சித்திரையில் அந்த வயலைப் பார்த்தவர்களுக்கு அது போன வருடத்து வயல்தானா என்று சந்தேகம் வந்தது. மாமா சட்டை போட ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவரைச் சட்டையோடு பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. குடியை விட்டாரா, குடி அவரை விட்டதா தெரியவில்லை. சாயங்காலத்தில் டீக்கடைப் பக்கம் போகாமல் வயலுக்குப் போனார்.

ஊர் பேசியது. பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு பேரும் ஒரே சாதி என்பதால் வாய்ப்பேச்சோடு நின்றது, இல்லாவிட்டால் கை பேசியிருக்கும்.

அடுத்த வருடம் தை மாதம் ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் சிறுவாச்சூருக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிறுவாச்சூர் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடும் என்பது நம்பிக்கை. புதன்கிழமை போனால் சாத்திய கதவைத்தான் பார்க்கலாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் படலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

"திங்கக்கெழம போனா பாதி ஊரு அங்கதான நிக்கும் புவனா," என்றார் மாமா. "இந்த வயசுல மாலையும் கழுத்துமா நின்னா சிரிக்க மாட்டாங்களா? அதான் நடை சாத்தியிருக்குற நாளாப் பாத்துப் போனோம்."

"அம்மன் இல்லாதப்பவா மாமா தாலி கட்டுனீங்க?"

"மலை என்ன சீமையிலயா இருக்கு? அங்கேருந்து பாத்திருக்கும்."

உள்ளே செல்லக்கண்ணு அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. வெட்கப்பட்டார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு. நாலு பேர் பார்க்கத் தாலி கட்டினால்தான் அது நாலு பேருக்குத் தாலி என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் கூசினார்கள். முதல் தடவை மேளதாளத்தோடு கட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டாம் தடவை எப்படி நிற்பதென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அம்சவள்ளி தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள், "நட்ட கரும்பு போயிடுச்சு. எந் தம்பிக்கு இப்ப மறுதாம்பு நடக்குது." பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலம் டீக்கடையில் அது மறுதாம்புக்காரி ஆகிவிட்டது. மாமா காதுக்கும் வந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

"மறுதாம்புன்னா என்ன, கேவலமா?" என்று கேட்டார் அவர். "நட்டதவிடச் சீக்கிரம் முத்தும். கடிச்சுப் பாருங்கடா, சாறு எதுல இனிக்குதுன்னு."

ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அந்த வீடு நன்றாக இருந்தது. எப்படி நன்றாக என்றால் சொல்லத் தெரியவில்லை. ராசாத்தி அக்கா காலத்து ஜீப்பும் கோழிக்குழம்பும் திரும்பவில்லை. ஆனால் சாயங்காலத்தில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு கிழடுகளுக்கு அப்படி என்ன பேச்சு என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். நாங்கள் பேசுவதில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைக்கும். மழை பொய்த்துக் கிணறு வற்றிய வருடத்தில் கரும்பு காய்ந்து சருகாய் நின்றது. அப்போதுகூட இரண்டு பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மதியத்தில் அவள் எங்கள் சத்துணவுக் கூடத்துக்கு வந்து காய் நறுக்கிக் கொடுப்பாள். ஒருநாள் பக்கத்து வகுப்பில் நல்லுசாமி வாத்தியார் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தார். பொற்காலம், பொற்காலம் என்று பத்துத் தடவை கத்தினார். அக்கா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். மணி அடித்ததும் அவரிடமே கேட்டாள்.

"சார், பொற்காலம் முடிஞ்சு எல்லாம் கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே. அதுக்கப்பறம் திரும்ப ஒரு நல்ல காலம் வந்தா அதுக்கு என்ன பேருங்க சார்?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "மறுமலர்ச்சின்னு சொல்லலாம். வெள்ளிக்காலம்னும் சிலபேரு சொல்றாங்க. ஆனா அதுக்குன்னு தனியா பேரு கெடையாதும்மா. பரீட்சையில கேக்க மாட்டாங்க."

"வெள்ளியா," என்றாள் அவள், திரும்பக் காய் நறுக்க உட்கார்ந்துகொண்டு. "அப்ப ரெண்டாவதா வர்றது எப்பவும் ஒரு படி கம்மிதான் போலருக்கு." அப்புறம் தானாகவே சிரித்தாள். "எங்க மாமா சொல்றதே தேவலாம்."

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் பிறந்த ஊர்ப் பக்கமான அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்திருந்தார்கள். "எங்க ஊரும் ஒரு வருசம் மாவட்டமா இருந்துச்சுல்ல புவனா," என்றாள். "இருந்தத இல்லேன்னு சொல்ல முடியுமா?" நான் சாம்பாருக்குப் பருப்பு வேகவில்லையே என்ற கவலையில் இருந்தேன்.

அருள்முருகனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கவிதா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு டவுனில் குடும்பமாக இருந்தான். தீபாவளி, பொங்கலுக்கு வருவான். அக்கா சமைத்ததைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். ஆனால் அவளை ஒரு உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னம்மா என்று சொல்லலாம், அத்தை என்றுகூடச் சொல்லித் தொலைக்கலாம். "இந்தாங்க", "கேளுங்க", "ரசம் இருக்கா", இப்படியே ஏழெட்டு வருடத்தை ஓட்டினான். அப்படி ஓட்ட எவ்வளவு கவனம் வேண்டும்! அவள் அவனைத் தம்பி என்பாள்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் மாமா போய்விட்டார். வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்றினோம். அக்கா மடியில்தான் தலை இருந்தது. பெரம்பலூர் எல்லையைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. ஆட்டோக்காரன் திருப்பிக்கொண்டு வந்தான்.

பிணத்தைக் கிடத்தியதும் சொந்தக்காரப் பெண்கள் தலைமாட்டில் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒப்பாரி தொடங்கியது. அக்கா படி ஏறி வந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அம்சவள்ளி திரும்பினாள்.

"நீ யாருடி அழ? அக்காக்காரி நான் தம்பின்னு சொல்லி அழுவுறேன். மவன் அப்பான்னு அழுவுறான். நீ என்ன மொற வச்சு அழுவ?"

"புருசன்னு..."

"நடை சாத்துன கோயில்ல கட்டுனது தாலியா? அவம் பொண்டாட்டி மகராசி எப்பவோ பூவும் பொட்டுமா போயி சேந்துட்டா. எந்திரிச்சு அந்தாண்ட போ."

கூடியிருந்தவர்களில் ஒருத்தியாவது பேசுவாள் என்று சுற்றிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து அழுத்தினார். நான் விடவில்லை. "இத்தன வருசமா அந்தாளுக்குச் சோறு போட்டது யாரு, நீங்களா?" என்று கத்தினேன். சாவு வீட்டில் சண்டை போடுகிறவள் என்ற பேர்தான் எனக்குக் கிடைத்தது. அக்கா எழுந்து போய், கரும்பு வெட்டுக் கூலியாட்கள் நின்றிருந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள், உள்ளே எதையோ அடைத்து வைத்திருப்பது போல.

அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "எனக்குக் காணியும் வேணாம், வூடும் வேணாம் புவனா. அவுரு பொண்டாட்டின்னு என்ன உக்கார வச்சு, மொறையா இந்தத் தாலிய எறக்கிட்டாங்கன்னா போதும். ஒரே ஒரு தரம் வாய்விட்டு அழுதுட்டு நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்."

உலகத்தில் எந்தப் பெண்ணும் கேட்காத வரம். எங்கள் பக்கத்தில் கருமாதியன்று விடிவதற்கு முன்னால், செத்தவருடைய மனைவிக்குத் தலைக்கு ஊற்றி, பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கடைசியாக ஒருதரம் அலங்காரம் செய்வார்கள். பிறந்த வீட்டார் கோடிச் சேலை போர்த்துவார்கள். அதன்பின் தாலியறுத்த பெண்கள் அவளை நடுவில் உட்கார வைத்துத் தாலியை இறக்குவார்கள். அதைப் பார்க்கவே கூடாது என்று, புருஷன் உயிரோடு இருக்கிற எங்களைப் போன்றவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கொடுமைக்கு அஞ்சிப் பெண்கள் புருஷனுக்கு முந்திக்கொண்டு செத்துப் போக வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவார்கள். இவள் அது தனக்கு வேண்டும் என்றாள்.

நான் அருள்முருகனிடம் பேசினேன். அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க அத்தை. பெரியவங்க சொல்றாங்க, சம்பிரதாயம் செஞ்சா நாளைக்கு எல்லாத்துக்கும் மொற வந்துடும்னு." எல்லாத்துக்கும் என்றால் நிலத்துக்கு. அதை மட்டும் வாயால் சொல்லவில்லை. அழகேசன் விக்கிரமங்கலத்திலிருந்து வந்தான், வெறுங்கையோடு. "முன்னாடியே ஒரு தரம் கோடி போட்டாச்சுங்களே. கூடப் பொறந்தவளுக்கு ரெண்டாந்தரம் போட்டா பொறந்த வூட்டுக்கு ஆவாதுங்க," என்றான். கருமாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

கருமாதியன்று விடியற்காலையில் அக்கா தானே தலைக்கு ஊற்றிக்கொண்டு, தானே வாங்கி வைத்திருந்த வளையலைப் போட்டுக்கொண்டு, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருந்தாள். யாராவது வருவார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் நான் இருந்தேன். பொழுது விடிந்தது. வாசலில் பந்தல் போடுகிற சத்தம், பாத்திரம் உருட்டுகிற சத்தம், இலை வந்துவிட்டதா என்று யாரோ கேட்கிற சத்தம். எங்கள் பக்கம் ஒரு காலடியும் வரவில்லை. சிங்காரவேலுவுக்குத் தாலியறுக்க ஆளில்லை, சம்சாரம் முன்னாடியே போய்விட்டதால் அந்தச் சடங்கு கிடையாது என்று ஊரில் சுலபமாக முடித்துவிட்டார்கள்.

"நாந்தான் எறக்க முடியாதே அக்கா," என்றேன். என் புருஷன் உயிரோடு இருக்கிறார், அறுக்கிற கை என் கை இல்லை. "நீங்களே கழட்டி வச்சிடுங்களேன்."

"கழட்டி வச்சா வேலைக்காரி எரவல் நகை கழட்டுன மாதிரி ஆயிடும் புவனா," என்றாள்.

அப்படியே இருந்துவிட்டாள். அருள்முருகன் டவுனில் இருந்ததால் வயலைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. மோட்டார் போட, மறுதாம்புக்கு மண் அணைக்க, வெட்டு ஆட்களை மேய்க்க அவள் வேண்டியிருந்தது. வேலைக்கு இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கழுத்தில் மஞ்சள் கயிறோடும் நெற்றியில் பொட்டு இல்லாமலுமாக அவள் தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர்களுக்கு அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தீர்மானிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் அவள் அழுது நான் பார்க்கவில்லை. தொண்டையில் ஏதோ உருண்டு நிற்கிறது, சோறு இறங்க மாட்டேனென்கிறது என்று மட்டும் சொல்வாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் ஒரு நாள் அருள்முருகனும் அம்சவள்ளியும் வந்து அவள் அறைக்கு முன்னால் நின்றார்கள். நான் படலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கவிதாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது எனக்குத் தெரியும். செட்டிகுளம் பக்கம் ஒரு குறிகாரியிடம் போயிருக்கிறார்கள். செத்தவர் கட்டிய தாலி ஒன்று இன்னும் இறங்காமல் ஒரு கழுத்தில் கிடக்கிறது, அதனால் அந்த ஆத்மா படி தாண்ட முடியாமல் நிற்கிறது, அதனால்தான் வம்சம் விளங்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அருள்முருகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்கப்பா கட்டுன தாலி ஒங்க கழுத்துல இருக்கு. அத எறக்கணும்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க தம்பி?"

"எங்கப்பா கட்டுன தாலி..."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். படலைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"அன்னைக்கு அது தாலியே இல்லேன்னீங்க. பொணத்தப் பாத்து அழவும் வுடல. இன்னைக்கு எவளோ குறி சொன்னதும் தாலியாயிடுச்சா?" என்று அம்சவள்ளியைக் கேட்டேன். "கழட்டாதீங்க அக்கா. இவங்க கெடந்து அலையட்டும்."

அம்சவள்ளி எங்கேயோ பார்த்தாள். "குறியில வந்துருச்சே புவனா, நாம என்ன பண்றது," என்றாள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "வுடு புவனா. அந்தப் புள்ள வயித்துல ஒண்ணு தங்கட்டும்." பிறகு அவர்களைப் பார்த்துச் சொன்னாள். "கழட்டிக் குடுக்க மாட்டேன். மொறப்படி எறக்குங்க. வளையல் போட்டு, கோடி போட்டு எறக்குங்க. எந் தம்பி வரணும்."

இந்தத் தடவை அழகேசனுக்கு ஒரு சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. அருள்முருகனே டவுனில் கோடிச் சேலை வாங்கிக்கொண்டு போய் அவனைக் கையோடு அழைத்துவந்தான். அம்சவள்ளி தன்னைப் போன்ற நாலு பெண்களைக் கூட்டிவந்தாள். என்னை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. படலுக்கு இந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வளையல்களைப் போடுகிற சத்தம் கேட்டது. "கைய நீட்டு," என்று அம்சவள்ளி சொன்னது கேட்டது, கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள். முடிச்சு பழசு, அவிழவில்லை போலிருக்கிறது. பிறகு வளையல்கள் உடைந்தன.

ஒரு பெண் தாலி இறங்குவதற்காக இரண்டு வருடம் காத்திருந்தாள். அவளுக்கு அது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. கிடைத்ததே, அதுவும் இன்னொருத்தியின் வயிற்றுக்காகக் கிடைத்ததே என்று இந்த ஊரின் மேல் காறித் துப்பத் தோன்றியது.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. முதலில் வார்த்தை இல்லை. பிறகு வார்த்தை வந்தது. எஞ் சாமி, எந் தொரையே, ஒத்தையில வுட்டுட்டுப் போனீங்களே, ஒரு வாய் தண்ணி கேக்காமப் போனீங்களே என்று மார்பில் அடித்துக்கொண்டு, அன்றைக்குக் காலையில்தான் அவர் போனது போல அழுதாள். இனி நான் எதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும்? உள்ளே போனேன். கோடிச் சேலையைப் போர்த்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அம்சவள்ளி கையில் கயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அழகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அருள்முருகன் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான்.

சத்தம் கேட்டுத் தெரு ஓடிவந்தது. அடுப்பில் உலை வைத்தவர்கள், வயலுக்குக் கிளம்பியவர்கள், கடைசி வீட்டிலிருந்து பால் செம்பைக் கீழே வைக்காமல் ஓடிவந்த ஒருத்தி. செத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கிடத்தியிருக்கிற உடம்பைத் தேடி வாசலையும் உள்ளேயும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னடி, யாரு போயிட்டா?" என்று பால் செம்புக்காரி மூச்சிரைக்கக் கேட்டாள்.

செல்லக்கண்ணு அக்காதான் தலையைத் தூக்கினாள்.

"எம் புருசன்," என்றாள்.

பால் செம்புக்காரி செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.